வாசப்படியை அறுத்த ஞாயிறு

எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு அந்த மெஷினின் பெயர் வாயில் நுழையாது. பெட்டிமேல் ரெசிப்ரோகேட்டிங் சா என்று போட்டிருக்கும். ஒருவர் "ரெசி" என்பார். இன்னொருவர் "முன்னாடி பின்னாடி போவுமே, அது" என்று கையால் ஆட்டிக் காட்டுவார். நான் பில்லில் பேட்டரி ரம்பம் என்றுதான் அடிப்பேன். பிடி துப்பாக்கி போல இருக்கும், முன்னால் ஒரு சாண் பிளேடு, அடியில் பேட்டரி. விசையை அழுத்தினால், தையல் மெஷின் ஊசியைப் படுக்க வைத்த மாதிரி பிளேடு முன்னும் பின்னும் ஓடும். ஒயர் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். பல வருடமாக அதே நாற்காலி. கம்பெனிக்காரர்கள் ஆட்களுக்கு ஓட்டிக் காட்ட ஒரு ரம்பம் கொடுத்திருந்தார்கள். புது மாடல் வந்ததும் பழையது மேல் தட்டில் கிடந்தது. முதலாளி பாய் ஒருநாள் அதை எடுத்துத் துடைத்து என் மேஜைமேல் வைத்தார். "வூட்டுக்கு எட்துனு போம்மா. இங்க தூசி புடிச்சினு கெடக்குது" என்றார். ஒரே ஒரு பேட்டரிதான் அதோடு இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்கிற ஆளா?

முதல் பலி முருங்கைக் கிளை. பக்கத்து வீட்டு ஷீட் மேல் சாய்ந்துகொண்டு தினம் ஒரு சண்டைக்கு வழி செய்துகொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறி அறுத்தேன். மெஷின் கையை உதறியதில் பல்லெல்லாம் ஆடியது. தப்பு என்னுடையதுதான். பிளேடுக்கு முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு இருக்கிறது, அதை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் விசையை அழுத்த வேண்டும். இடைவெளி விட்டால் மெஷின் மரத்தை அறுக்காமல் நம்மைத்தான் ஆட்டும். கடையில் இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். சொல்வது வேறு, ஸ்டூல்மேல் நிற்பது வேறு.

அப்புறம் கை பழகிவிட்டது. கக்கூஸ் பைப், மாடியில் துருப்பிடித்துப்போன கொடிக்கம்பி, கால் உடைந்த கட்டில் என்று வரிசையாக. பெரிய பல் பிளேடு மரத்துக்கு, பொடிப் பல் இரும்புக்கு, ஆணி இருக்கும் மரத்துக்கு இரண்டுக்கும் நடுவான ஒன்று. தெருவில் விஷயம் பரவி, "ஏம்மா, மெஷின் வெச்சினு இருக்கியாமே" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தபடியே எல்லாரிடமும் சொல்லுவார். "ஜாக்கிரத. கண்ல பட்டா அறுத்துடுவா. எனக்கே ஒரு கால் இல்ல பாருங்க."

அவர் அப்படித்தான் பேசுவார். கேட்கிறவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள்.

அவர் ஐயம்பேட்டைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரு நாளில் பாதி ஊரைப் பார்த்துப் பேசிவிடுகிற மனிதர். சர்க்கரை இருந்தது, கவனிக்கவில்லை. கால் விரலில் வந்த புண் மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோவை விற்றோம். வீட்டுக்குள் வீல்சேர் வந்தது. அதை ஓட்ட அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வந்த அன்றே சமையல் கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

வாசலோடு அந்த ஓட்டம் நின்றுவிட்டது. எங்களுடையது மாமனார் கட்டிய நெசவுக்காரத் தெரு வீடு. வாசக்காலின் அடிக்கட்டையை நாங்கள் வாசப்படி என்போம். எங்கள் வாசப்படி முக்கால் முழ உயரம். நல்ல தேக்கு. மழைத்தண்ணீரும் பெருச்சாளியும் உள்ளே வராது என்று அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்களாம். வீல்சேரும் வெளியே போகாது. தெருப்பக்கம் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசப்படியின் அடி வரைக்கும் சிமெண்டில் சரிவு போட்டுவிட்டோம். கட்டையைத் தாண்ட உட்பக்கமும் ஒரு சரிவு வேண்டும், அதற்கு இடமில்லை. நடை குறுகல், வாசலைத் தாண்டியதுமே திரும்ப வேண்டும். பலகை சாய்த்துப் பார்த்தோம். சேர் பாதி ஏறிப் பின்னால் உருண்டு சுவரில் மோதியது. அவர் முழங்கையில் தோல் உரிந்தது. பின்பக்கமோ கிணறும் மதிலும்தான், வழி இல்லை.

அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்கள் நல்லவர்கள், முகம் சுளிக்காமல் வருவார்கள். சேரோடு தூக்குவார்கள். தூக்கும்போது இவர் லுங்கியை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லுவார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஆட்டோவில் போலீஸ்காரர் கை காட்டும்போது சிரிக்கும் சிரிப்பு. கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வெளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "டிவியில எல்லாம் காட்றான், இன்னாத்துக்கு" என்றார்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. நான் கடையிலிருந்து வந்தபோது சேர் நடையில் காலியாக இருந்தது. அவர் வாசப்படிமேல் உட்கார்ந்திருந்தார். தானே இறங்கி, தரையில் நகர்ந்து, அதன்மேல் ஏறியிருக்கிறார். சட்டை முழுக்கத் தூசி. கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம். என்னைப் பார்த்ததும் தூக்கிக் காட்டினார்.

"கோயிலுக்கு வந்துட்டு சேலை எடுக்க வந்தவங்கோ. ஒரு வேன் நெறைய. அதுல ஒரு அம்மா மடியில போட்டுட்டுப் போறாங்க. பத்து ரூபா காயின வேற. இத எந்தக் கடையிலயும் வாங்கமாட்டானே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தம்மாவைத் திட்டுவதில் அர்த்தமில்லை, கோயில் ஊரில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக்கால் ஆளுக்குக் காசு போடுவது பழக்கம்தான். எனக்கு வந்த கோபத்துக்கு ஆளே இல்லை, அதனால் கட்டைமேல் வந்தது. மறுநாள் கடைக்குப் போகும் வழியில் அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டேன். அது வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்கு வாடிக்கையாக வரும் ஆசாரியை அழைத்து வந்தேன். கட்டையைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், எழுந்து கை கழுவ தண்ணீர் கேட்டார்.

"இத நான் தொடமாட்டம்மா. கதவு சொல்லு, ஜன்னல் சொல்லு. வாசக்கால்ல கை வெக்கக்கூடாது. நல்லா வாழ்ற வூடு."

"நல்லா வாழ்ற வூட்ல மனுசன் வெளிய போவ வேணாமா?"

"அதுக்குன்னு வாசக்கால அறுப்பாங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் ஆடி முடியட்டும் என்றார். ஆடி முடிந்ததும் அவர் போனை எடுக்கவில்லை.

இந்தப் பேச்சு என் நாத்தனார் காதுக்கு எப்படிப் போனதோ. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் கடைக்கு ஓடுவதால், எங்கள் வாசப்படிக்கு மஞ்சள் பூசுவது அண்ணிதான். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து பிறந்த வீட்டுப் படிக்கு அவர் கையால்தான் மஞ்சள். ஒரு கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு வருவார். முழு நீளமும் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்துவிட்டு, உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இருந்ததில்லை. அன்று இருந்தது.

"வாசக்கால அறுத்தா வூட்டு ஆம்பளைக்கு ஆவாது. ஒரு கால் போனது ஒனக்கு பத்தலயா?" என்றார் அண்ணி.

நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம். என் நாக்கு நீளம். இவர் நடுவில் சேரை ஓட்டிக்கொண்டு வந்து, "வேணாம் வுடும்மா, இன்னாத்துக்கு வம்பு" என்றார். அவர் யாருக்காகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அவருக்கே பயமாக இருக்கிறதோ என்று நினைத்தேன். அந்தச் சந்தேகம் என்னைச் சில வாரம் கட்டிப் போட்டது. அவருக்கே வேண்டாம் என்றால் நான் யாருக்காக அறுக்கிறேன்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டுவிட்டு, கேட்டேன். "அறுக்கட்டுமா?" அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்கு முடியுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

முதலில் கடப்பாரை. வாசப்படி நடுவில் அடித்திருந்த குதிரை லாடத்தை நெம்பி எடுத்தேன். அதன் ஆணிகளில் இரண்டு உள்ளேயே ஒடிந்துவிட்டன, அதனால் நடுத்தரப் பல் பிளேடை மாட்டினேன். அடுத்த சிக்கல் தரை. கட்டை தரையோடு ஒட்டியிருந்தால் பிளேடு நுனி கல்லில் போய் முட்டும், முட்டினால் மணிக்கட்டு போய்விடும். உளி வைத்து, வெட்ட வேண்டிய இரண்டு ஓரத்திலும் கட்டைக்கு அடியில் இருந்த காரையைக் குடைந்து பிளேடு நுனிக்கு இடம் செய்தேன். செங்குத்தாக நிற்கும் கால்களைத் தொடாமல், ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டை விட்டுவிட்டு, நடுவை மட்டும் எடுப்பது என் திட்டம். அப்படியானால் நிலை அசையாது. பாயிடம் பேப்பரில் வரைந்து காட்டிக் கேட்டுக்கொண்டதுதான்.

இடது பக்கம் வைத்து அழுத்தினேன். பழைய தேக்கு, முருங்கை மாதிரி விட்டுக்கொடுக்கவில்லை. மெதுவாகத்தான் இறங்கியது. தூள் முதலில் மஞ்சளாக வந்தது. வருடக்கணக்காகப் பூசிய மஞ்சளும் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்டும் அடை மாதிரி படிந்திருந்தது. அப்புறம்தான் மரத்தின் நிறம். மூக்கில் தேக்கு வாசனையும் பூஜை வாசனையும் ஒன்றாக ஏறியது. பயம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்தான், ஆனாலும் ஒரு தடவை விசையை விட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்தினேன்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் பாதி இறங்கும்போது மெஷின் முனகி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. கழற்றிக் கூடத்தில் சார்ஜ் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையாக ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு பக்கம் துண்டாகி, மறு பக்கம் பாதியில் நிற்கும் வாசப்படியைப் பார்த்துக்கொண்டு நான் வெளியே சரிவில் உட்கார்ந்தேன்.

சத்தம் அடுத்த தெரு வரைக்கும் போயிருக்க வேண்டும். அண்ணி வந்தார். தலையைக்கூட முடியாமல் வந்தார். கட்டையைப் பார்த்தார், மஞ்சள் தூளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நேராகப் போய் வாசப்படிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப அறு. என்னயும் சேத்து அறு."

என்ன செய்வது? அவர் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே. இவர் உள்ளே, நடையில், சேரில். எனக்கும் அவருக்கும் நடுவில் அண்ணி. கூடத்தில் சிவப்பு விளக்கு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றது, பிறகு திரும்பக் கேட்டது. காபி போட்டுத் தரலாம் என்றால் சமையல் கட்டுக்குப் போக அவரைத் தாண்ட வேண்டும்.

ரொம்ப நேரம் கழித்து இவர்தான் பேசினார்.

"அக்கா, நீ இப்ப குந்திகினு இருக்கியே, அதே எடத்துலதான் அன்னிக்கு நானும் குந்திகினு இருந்தேன். சேலை எடுக்க வந்த ஒரு அம்மா எம் மடியில காசு போட்டுட்டுப் போனாங்க. நம்ம வூட்டு வாசல்ல. அப்பா வெச்ச படி மேல."

அண்ணிக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணி திரும்பாமலே கேட்டார்.

"நீ இன்னா சொன்ன அந்தம்மாவாண்ட?"

"இன்னா சொல்றது. கும்புட்டேன்."

எனக்கும் அதுதான் முதல் தடவை கேட்பது. என்னிடம் காசைக் காட்டிச் சிரித்தபோது அவர் இதைச் சொல்லவில்லை. எந்த ஆட்டோக்காரனிடமும், எந்தப் பயணியிடமும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத மனிதர், முகம் தெரியாத ஒருத்திக்குத் தன் வீட்டு வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, சரிவில் உட்கார்ந்தபடியே முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

"எனக்கு வெளிய போவணும்க்கா" என்றார் அவர். "நானே போவணும். நாலு பேர் தூக்கினு போறதுக்கு இன்னும் நாள் இருக்குது."

அண்ணி எழுந்தார். புடவைப் பின்புறத்தில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. "என்னால நின்னு பாக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். தெருவில் இறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு பச்சையாவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அரைகுறை சார்ஜோடு எடுத்து மாட்டி மீதியை அறுத்தேன். கட்டை கீழே இறங்கிய சத்தம் சின்னதுதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுத்தார். இந்தத் தடவை அவர் தூக்கியது கட்டையை. அடுப்பில் வைக்க முடியாது, மிதிபடவும் கூடாது என்று கிணற்றடியில் சாய்த்து வைத்தோம். மறுநாள் கொத்தனார் வந்து பள்ளத்தை நிரப்பிச் சரிவோடு சேர்த்துப் பூசினார். வெள்ளிக்கிழமை வரைக்கும் சக்கரம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தினமும் சேரில் வந்து, ஈரச் சிமெண்டுக்கு இந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அண்ணி வரவில்லை. போன் செய்தால் அவர் மருமகள் எடுத்து "தறியில இருக்காங்க" என்றாள். வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். இவர் காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரிக்கொண்டு தயாராக இருந்தார். முனைக் கடையில் டீ குடிக்கப் போவதற்கு அந்த ஏற்பாடு. நான் கேலி செய்யவில்லை. இவர் சேரை வாசலுக்கு ஓட்டி வந்தபோது எதிரே அண்ணி நின்றார். கையில் மஞ்சள் கிண்ணம்.

பழக்கத்தில் வந்துவிட்டாரா, யோசித்து வந்தாரா, இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை. வந்தவர், வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்தார். பூசுவதற்குக் கட்டை இல்லை. சாம்பல் நிறச் சிமெண்டுதான் இருந்தது. விரலிலிருந்து மஞ்சள் சொட்டியது.

"கட்டை கெணத்தடியில இருக்குது அண்ணி. அதுக்கு வெக்கிறீங்களா?" என்றேன்.

இவர் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினார். சேர் முன்னால் வந்து, கால் வைக்கிற தகடு அண்ணிக்கு நேராக, முன்பு வாசப்படி இருந்த அதே இடத்தில் நின்றது. அதன்மேல் அவருடைய ஒரு கால். அண்ணி அதைப் பார்த்தார். பிறகு தகட்டின் விளிம்பில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், நிதானமாக மஞ்சள் பூசினார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்து மூன்று இடத்தில் வைத்தார். விரல் அவர் பாதத்தில் பட்டது.

"கூசுதுக்கா" என்றார் அவர். "வழி வுடு. டீ ஆறிடும்."

அண்ணி எழுந்து ஒதுங்கினார். சக்கரம் புதுச் சிமெண்டில் ஏறி, சரிவில் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் வேகமாகவே இறங்கியது. பிடிக்கப் போய் என் கை தானாக நீண்டது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடு. அவனே போவட்டும்."

அவர் தெருவில் இறங்கி, பிரேக் போட்டு, முனைப்பக்கம் திரும்பிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அவர் மறையும் வரைக்கும் நின்றோம். கடைக்குப் போய் முதல் பில் அடிக்கும்போதுதான் பார்த்தேன், மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் காய்ந்திருந்தது.